ஷ்யாமளா தேர்ந்தெடுத்த துப்பாக்கி

டெக்ஸஸில் இருக்கும் பிளானோ ஊர்த் தமிழர்களுக்குள் ஷ்யாமளாவுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. கடையில் வாங்கிய எந்தச் சாமானையும் அவளால் திருப்பிக் கொடுத்துவிட முடியும். மாமியார் வந்து குளிர்காலம் முழுக்கப் படுத்துவிட்டுப் போன காற்று மெத்தையை, அவர் விமானம் ஏறிய மறுநாளே மடித்துப் பெட்டிக்குள் வைத்துக் கடையில் சேர்த்தவள் அவள். நயாகராவைப் படம் பிடிக்க வாங்கிய வீடியோ கேமராவும், நவராத்திரிக்கு வருகிறவர்கள் உட்கார வாங்கிய மடக்கு நாற்காலிகளும் அப்படித்தான் வந்த வழியே போயின. விலைச் சீட்டைக் கிழிக்காமல் உள்ளே மடித்துவிடுவதிலும், தெர்மாகோலை உடையாமல் எடுத்து வைப்பதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பில்லைத் தொலைத்தவர்கள், பெட்டியைத் தூக்கிப் போட்டவர்கள் எல்லோரும் அவளுக்குத்தான் போன் செய்வார்கள்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்று அவள் மனசார நம்பினாள். "அவனே எழுதி ஒட்டியிருக்கான், பிடிக்கலைன்னா கொண்டு வான்னு. நமக்குப் பிடிக்கல. அவ்வளவுதானே?" என்பாள். இந்த நாட்டில் அவளுக்குப் பிடித்த முதல் விஷயமே அதுதான்.

அப்படிப்பட்டவள் இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒரு துப்பாக்கியைத் தானே பார்த்துப் பொறுக்கி வாங்கி, அதை வீட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாமல் தவித்தாள். அந்தத் தவிப்பைப் பற்றி அவள் பல வருஷங்களுக்கு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஷ்யாமளா மாம்பலத்துப் பெண். பி.காம். முடித்து ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவளைக் கஸ்தூரிரங்கன் கல்யாணம் செய்து டெக்ஸஸுக்குக் கூட்டி வந்தான். அவனுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. போக்கிடம் இல்லாத அந்த மூளை முழுவதும் சாமான் வாங்குவதில் இறங்கிவிட்டது. எந்தக் கார், எந்தக் குக்கர், மகள் ஸ்ம்ருதிக்கு எந்த ஸ்கூல் என்று எல்லாம் அவள் முடிவுதான். ரங்கன் கையெழுத்துப் போடுவதோடு சரி. ரொம்பச் சாது. கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவான். சந்தோஷம் வந்தாலும் ஏறக்குறைய அதேதான்.

அவன் வேலை பார்த்த டெலிகாம் கம்பெனி, ஊரில் ஆபீஸ்கள் நிறைந்த லெகசி பக்கம் இருந்தது. அந்த வருஷம் அந்தத் தொழிலே படுத்துக்கொண்டதில், கொத்துக் கொத்தாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரங்கனுக்கு வேலை போனால் விசாவும் போகும், பாதியில் நிற்கும் கிரீன் கார்டும் போகும். ஜனவரியில் அவனுடைய குழுவிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். அந்த இரண்டு பேரும் மேனேஜர் டுவெய்ன் கூப்பிட்ட வேட்டைக்கு வரமாட்டேன் என்று சொன்னவர்கள் என்பதை ரங்கன் கவனித்து வைத்திருந்தான். வரமாட்டேன் என்று சொல்லிவந்த மூன்றாவது ஆள் அவனே.

டுவெய்ன் ஒவ்வொரு வசந்தத்திலும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஒரு பண்ணை நிலத்துக்குக் காட்டுப்பன்றி சுடப் போவான். ரங்கனையும் மறக்காமல் கூப்பிடுவான். நாங்கள் வெஜிடேரியன் என்று சொல்லி ரங்கன் நழுவிவிடுவான். அந்த ஏப்ரலில் நழுவவில்லை.

"போறேன்னு சொல்லிட்டேன்" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"எங்க?"

"டுவெய்னோட. ஹன்ட்டிங்."

ஷ்யாமளா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். "பன்னியச் சுடறதுக்கா? நீங்களா?"

"நான் சுடமாட்டேன். சும்மா கூட நிப்பேன். ஆனா கையில ஒண்ணு இருக்கணும், ஷ்யாமு. செமி-ஆட்டோமேடிக்கா பார்த்து வாங்கு, ஃபர்ஸ்ட் டைம் ஆளுக்கு அதுதான் சௌகரியம்னு டுவெய்ன் சொன்னான்."

"யார்கிட்டயாவது இரவல் வாங்கிக்கப்படாதோ?"

"எல்லாரும் அவாவா கன்னோட வருவா. நான் மட்டும் கை நீட்டிண்டு நிக்கவா?"

"இந்த ஆத்துல அஞ்சு வயசுக் குழந்தை இருக்கா. ஞாபகம் இருக்கோல்லியோ? டி.வி.ல பார்க்கறேளா இல்லியா, ஸ்கூல்ல புகுந்து சுடறான்னு?"

"வேலை போயிடுத்துன்னா குழந்தைய எந்த ஸ்கூலுக்கு அனுப்புவே?" என்றான் ரங்கன். அவன் குரலை உயர்த்தி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் கொஞ்ச நாள் ஓடியது. அவன் ராத்திரியெல்லாம் புரள்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் வழி கண்டுபிடித்தவள் அவள்தான். துவைத்த துணியை மடித்துக்கொண்டே, கறிகாய் வாங்கும் யோசனை சொல்வதுபோலச் சொன்னாள்.

"வாங்கலாம். சனிக்கிழமை எடுத்துண்டு போங்கோ. திங்கட்கிழமை நான் ரிட்டர்ன் பண்ணிடறேன். ஆனா ஒரு குண்டுகூடச் சுடப்படாது. டேகைக் கிழிக்கப்படாது. அழுக்காச்சுன்னா எடுத்துக்கமாட்டான்."

ரங்கன் அவளைப் பார்த்த பார்வையில் நன்றி வழிந்தது. துப்பாக்கியைத் திருப்பி வாங்குவார்களா என்ற கேள்வி இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற கடை, மெத்தையைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற கடை. அதே கடையில் பின்பக்கக் கவுண்ட்டரில்தான் துப்பாக்கியும் விற்றார்கள்.

மற்ற சாமான் என்றால் நாலு பேரை விசாரிப்பார்கள். இதை யாரிடம் விசாரிப்பது? தெரிந்தவர்களில் ஒருவர் வீட்டிலும் துப்பாக்கி இல்லை. ரங்கன் திருச்சியில் காலேஜ் படிக்கும்போது என்.சி.சி.யில் குப்புறப் படுத்துக்கொண்டு ஐந்து குண்டு சுட்டிருக்கிறான். அவனுடைய அட்டையில் ஒரு ஓட்டைகூட விழவில்லை. பக்கத்துப் பையனின் அட்டையில் மட்டும் கணக்குக்கு மேல் ஓட்டைகள் இருந்தன. அந்த வீட்டின் மொத்த அனுபவம் இவ்வளவுதான்.

எனவே ஷ்யாமளாவும் கூடப் போனாள். சல்வார் கமீஸும் நெற்றியில் பொட்டுமாக அவள் கவுண்ட்டரில் வந்து நின்றதைப் பார்த்து, அங்கே இருந்த வெள்ளை மீசைக்காரர் ஒரு கணம் தயங்கினார். பிறகு மரியாதையாகத் தொப்பியைத் தொட்டுவிட்டு, கண்ணாடி மேஜை மேல் மூன்று ரைஃபிள்களை எடுத்து வைத்தார்.

ஒன்று ஏதோ பழைய பட்டாளத்தில் கிடந்தது. கனமான மரக்கட்டை, எண்ணெய் நாற்றம். அவளால் தூக்கவே முடியவில்லை. இன்னொன்று முழுக்கக் கறுப்பு. சினிமாவில் வில்லனின் அடியாட்கள் வைத்திருப்பது மாதிரி இருந்ததால் அதைத் தொடமாட்டேன் என்றாள். மூன்றாவது சின்னது. லேசான மரம், மெல்லிய குழல்.

"டெக்ஸஸில் பாதிப் பேருக்கு முதல் துப்பாக்கி இதுதான்" என்றார் மீசைக்காரர். "பன்றிக்கு இது கொஞ்சம் போதாது. ஆனால் பழகுவதற்கு இதைவிட நல்லது கிடையாது. தோளை உதைக்காது. சத்தமும் குறைவு."

ஷ்யாமளா கேள்வி கேட்க ஆரம்பித்தாள். உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கீழே விழுந்தால் தானாக வெடிக்குமா? குழந்தை எடுத்தால் இயங்காமல் பூட்டி வைக்க வழி உண்டா? மீசைக்காரர் சந்தோஷமாகிவிட்டார். வந்து வாங்கும் ஆண்பிள்ளைகள் இதில் பாதியைக்கூடக் கேட்பதில்லை என்றார். திறந்து காட்டினார், உள்ளே விரலை விட்டுக் காட்டினார், பூட்டை மாட்டிக் காட்டினார். செமி-ஆட்டோமேடிக் என்றால் என்ன என்று அவள் கேட்டதற்கு, "ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்ததை அதுவே ஏற்றிக்கொள்ளும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்" என்றார். வாஷிங் மெஷின் விற்பவர் சொன்னதுபோலத்தான் அது அப்போது அவள் காதில் விழுந்தது.

"இதையே எடுத்துக்கலாம். லேசா இருக்கு, ஈஸியா இருக்கு" என்றாள் ரங்கனிடம்.

விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்க வேட்டை லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். அதையும் அதே கவுண்ட்டரில் வாங்கினான். பிறகு மீசைக்காரர் அவனுடைய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"யாருக்கு போன் பண்றார்?" என்று ஷ்யாமளா மெதுவாகக் கேட்டாள்.

"எஃப்.பி.ஐ.க்கு. துப்பாக்கி வாங்கறவா எல்லாருக்கும் செக் பண்ணுவாளாம்."

ஆறு வருஷமாக ஒரு பார்க்கிங் டிக்கெட்கூட வாங்காமல், கிரீன் கார்டுக்குக் குறுக்கே ஒரு தூசி விழுந்துவிடக்கூடாது என்று பயந்து பயந்து குடும்பம் நடத்தியவர்கள். இப்போது தாங்களாகவே நடந்து வந்து எஃப்.பி.ஐ.க்குத் தங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மீசைக்காரர் கஸ்தூரிரங்கன் என்ற பெயரை மூன்று துண்டாக உடைத்துச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். காத்திருந்தவர் அவர்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ரங்கனின் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. "போயிடலாமா?" என்று அவள் அவன் கையைத் தொட்ட நேரத்தில், மீசைக்காரர் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். எல்லாம் சரி, எடுத்துப் போகலாம்.

வீட்டில் அதை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால், பெட்டியோடு வைத்தாள். பூட்டின் சாவிகள் வீட்டிலேயே இருக்கக்கூடாது என்று அவள் சொல்ல, ரங்கன் அவற்றை ஆபீஸ் மேஜைக்குள் வைத்துவிட்டு வந்தான். ஸ்ம்ருதி, "வாட்ஸ் இன் தட் லாங் பாக்ஸ், அம்மா?" என்று கேட்டாள். திரைச்சீலைக் கம்பி என்று சொன்னாள். பெண்ணிடம் பொய் சொன்ன வாய் அன்று முழுக்கக் கசந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ரங்கன் வேட்டையிலிருந்து திரும்பி வந்தான். சட்டையில் சேறு, முகத்தில் அசடு.

"சுட்டேளா?"

"இல்ல. குட்டிகளோட ஒரு கூட்டம் வந்துது. சுடுன்னான் டுவெய்ன். நான் தூக்கிப் பிடிச்சதும் விலைச் சீட்டு வெளில வந்து தொங்கித்து. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சா. அதுல பன்னியெல்லாம் ஓடிடுத்து."

ஷ்யாமளாவுக்கும் சிரிப்பு வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"ஆனா டுவெய்ன் ஒண்ணு சொன்னான். துப்பாக்கியெல்லாம் கடைல திருப்பி எடுத்துக்கமாட்டானாம்."

"டுவெய்னுக்கு என்ன தெரியும்? அவன் ஜன்மத்துல எதையாவது ரிட்டர்ன் பண்ணியிருப்பானா?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலையில் ஸ்ம்ருதியைப் பள்ளியில் விட்டுவிட்டு, பெட்டியோடும் பில்லோடும் வழக்கமான சிரிப்போடும் கடைக்குள் போனாள். கவுண்ட்டரில் இருந்த சின்னப் பெண் பெட்டியைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போய் யாரையோ கூப்பிட்டாள். வெள்ளை மீசைக்காரர் வேகமாக வந்தார்.

"அம்மா, கடையில் எல்லாவற்றையும் திருப்பி எடுப்போம். இதை மட்டும் எடுக்கமாட்டோம்" என்றார். "ஒருவர் பெயரில் வெளியே போய்விட்டால் அது அவருடையது."

அவள் சிரித்தாள், கெஞ்சினாள், விலைச் சீட்டைக் காட்டினாள். ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்று சத்தியம் செய்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வேண்டாமென்றால் பழைய துப்பாக்கி வாங்கும் கடை ஏதாவது ஒன்றில் விற்றுவிடலாம், ஆனால் வாங்கியவரே நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார். "உங்கள் கணவரைக் கூட்டி வாருங்கள், ஒன்றும் பெரிய விஷயமில்லை."

தோற்றுப்போன எரிச்சலோடு வீடு திரும்பியவள், வாசலில் ரங்கனின் கார் நிற்பதைப் பார்த்தாள். காலை வேளையில் அந்தக் கார் அங்கே நின்றதே இல்லை. பெட்டியைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ரங்கன் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தான். ஆபீஸ் மேஜையில் இருந்ததெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் காலடியில் கிடந்தது.

"டுவெய்ன்தான் கூப்பிட்டுச் சொன்னான். சொல்லி முடிச்சுட்டு அவனும் அவன் சாமானை எடுத்துண்டு வெளில வந்துட்டான். அவனையும் அனுப்பிட்டா. பார்க்கிங் லாட்ல கையைக் குலுக்கி, வேட்டைக்கு நீ வந்தது எனக்கு ரொம்பச் சந்தோஷம்னான்." ரங்கன் சிரிக்க முயற்சி செய்தான். "வேட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஷ்யாமு. எவனோ எங்கேயோ உக்காந்துண்டு போட்ட லிஸ்ட்."

அவன் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். வேறு வேலை கிடைக்கும், நியூஜெர்சியில் கிடைக்கும், சான் ஹோசேயில் கிடைக்கும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். பிறகு அவன் முகம் கழுவப் போனபோது, பிளாஸ்டிக் பையை ஒழுங்கு செய்ய உட்கார்ந்தாள். ஸ்ம்ருதியின் போட்டோ இருந்தது. காப்பிக் கோப்பை இருந்தது. துப்பாக்கிச் சாவிகள் இல்லை.

சாவிகள் அவன் பாக்கெட்டில் இருக்கின்றன. ஆபீஸே இல்லை என்றான பிறகு வேறு எங்கே இருக்கும்? அதில் ஒன்றும் விபரீதம் இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட அந்த நிமிஷத்தில்தான் அந்தப் பயம் முளைத்தது. அதற்கு ஒரு பெயர் வைக்கக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை. பெட்டியைக் கொண்டுவந்து மறுபடியும் போர்வைகளுக்குப் பின்னால் தள்ளினாள்.

மறுநாள் காலை ரங்கன் வழக்கம்போல் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். லைப்ரரிக்குப் போய் ரெஸ்யூமே அனுப்பப் போவதாகச் சொன்னான். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, இன்டர்நெட் இருந்தது. அவள் கேட்கவில்லை. சாயங்காலம் வந்தவன் அரைத் தட்டுச் சாதத்தை அளைந்துவிட்டு எழுந்துவிட்டான். ஸ்ம்ருதி ஏதோ டிராயிங்கைக் காட்டினாள். "நன்னாயிருக்கு" என்றான், பார்க்காமலேயே.

அவள் சமயம் பார்த்துப் பேச்சை எடுத்தாள். "அந்தத் துப்பாக்கிய வித்துடலாமா? நீங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். பத்து நிமிஷ வேலை."

"நான் அதைத் தொடப்போறதில்ல. விடு" என்றான். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது? ஏன் இவ்வளவு அவசரம் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? இல்லாத எண்ணத்தை நாமே அவன் மனசில் போட்டதாகிவிடுமோ? சாவியைக் கொடுங்கள் என்று கேட்டாலும் அதே கதிதான். சென்னைக்கு போன் செய்து அம்மாவிடம் சொன்னால் அங்கே ஒப்பாரி வைப்பார்கள். போலீஸைக் கூப்பிட்டால் வேலையில்லாத, விசா போன ஆளைத் தேடி அவர்களே துப்பாக்கியோடு வந்து நிற்பார்கள். இங்கே யாரிடமாவது சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவளுக்கு யோசனை கேட்க ஒருவரும் இல்லை.

பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துத் தன் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அங்கிருந்து கராஜுக்கு மாற்றினாள். கராஜில் அவன் கார் நிற்கும் என்று தோன்றியதும் மறுபடியும் உள்ளே கொண்டுவந்தாள். குண்டு வீட்டில் இல்லையே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டாள். ஆனால் பால் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டிலேயே, மீன் தூண்டிலுக்குப் பக்கத்தில், குண்டு அடுக்கி வைத்திருப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மூன்றில் எது கையாளச் சுலபம், எது லேசு, எது உதைக்காது என்று கேட்டுக் கேட்டுப் பொறுக்கியது அவளேதான். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தன்னை அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

வியாழக்கிழமை வான்மதி போன் செய்தாள். ஈரோட்டுப் பெண், ஸ்ம்ருதியின் வகுப்பில் படிக்கும் பிரீத்தியின் அம்மா. "அக்கா, உங்க வீட்டுக்காரரு லவான் ஏரிகிட்ட காரை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தாருங்க. நான் போறப்பவும் இருந்தாரு, வர்றப்பவும் இருந்தாரு. உடம்பு ஏதும் சரியில்லீங்களா?"

"ஆபீஸ் வேலையா அந்தப் பக்கம் போயிருப்பார்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் ரங்கன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். "கரண்ட் பில் தானா பேங்க்லேர்ந்து போயிடும். கார் இன்ஷூரன்ஸ், லைஃப் இன்ஷூரன்ஸ் ரெண்டும் ஒரே ஏஜென்ட்தான், நம்பர் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. எல்லாத்தையும் நானே பார்த்துண்டிருந்தேன். உனக்கும் தெரிஞ்சிருக்கட்டும்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அது ஒரு சாதாரணப் பேச்சு. அன்று அவன் தூங்கும்வரை அவன் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள். குழந்தைத்தனம்தான். விட மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் கிளம்பிப் போனதும் அவளும் கிளம்பினாள். ஸ்ம்ருதியைப் பள்ளியில் விட்டாள். வீட்டுக்குத் திரும்பி வந்து, துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிப் பழைய கரோலாவின் டிக்கியில் போட்டாள். லவான் ஏரி வரை ரேடியோகூடப் போடாமல் ஓட்டினாள். வழியெல்லாம், அவன் அங்கே இருக்கவேண்டும், பெருமாளே, அங்கே உட்கார்ந்திருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கார் இருந்தது. அவனும் இருந்தான். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது திடுக்கிட்டான்.

"நீ எங்க இங்க? குழந்தைக்கு ஏதாவது..."

"குழந்தை ஸ்கூல்ல இருக்கா." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். எப்படியெல்லாமோ சுற்றி வளைத்துப் பேசவேண்டும் என்று வழியில் தயார் செய்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "எனக்குப் பயமா இருக்கு. உங்களை நினைச்சுத்தான் பயமா இருக்கு. அந்தத் துப்பாக்கி இருக்கற ஆத்துல உங்களைத் தனியா விட எனக்குத் தைரியம் இல்ல. கோச்சுண்டாலும் சரி. நான் சொல்லிட்டேன்."

ரங்கன் அவள் பக்கம் திரும்பவில்லை. ஏரியில் யாரோ ஒரு படகைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது இறங்கி முடியும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் தைரியம் இல்ல, ஷ்யாமு" என்றான். "அதனாலதான் ஆத்துல தங்காம இங்க வந்து உக்காந்துண்டிருக்கேன்."

அவளுக்கு முதலில் அது புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. நான்கு நாளாக அவன் எதை நோக்கிப் போகிறான் என்று அவள் நடுங்கிக்கொண்டிருந்தாளோ, அதிலிருந்து தப்பித்துத்தான் அவன் காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவேன்னு நினைச்சேன்."

அவள் அவன் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். திட்டினாள், அழுதாள், மறுபடியும் திட்டினாள். டாக்டரிடம் போகவேண்டும், இன்றைக்கே போன் செய்யவேண்டும் என்றாள். சரி என்றான். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, டிக்கியில் இருக்கிறது என்றாள். அதற்கும் சரி என்றான்.

அவன் காரை ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டு, அவள் காரில் இருவருமாகப் பழைய டவுன்டவுனில் இருந்த ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். டிக்கியைத் திறந்ததும் ரங்கன் பாக்கெட்டிலிருந்து சாவிகளை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

"நான் தொடல. நீ எடுத்துண்டு வரியா?"

அவள் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவன் முன்னால் போய்க் கடைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். கடைக்காரர் பூட்டைத் திறந்து, குழலுக்குள் பார்த்துவிட்டு, "ஒரு தடவைகூடச் சுடவில்லையே, என்ன குறை?" என்று கேட்டார்.

ஷ்யாமளா ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுத்தாள். ரங்கன் முந்திக்கொண்டான். "எனக்கு வேலை போய்விட்டது. மனசு சரியில்லை. இது என் வீட்டில் இருக்கவேண்டாம்" என்றான், ஒவ்வொரு வார்த்தையாக. இத்தனை வருஷத்தில் ஒரு அந்நியரிடம் அவன் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது.

கடைக்காரர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார். கையெழுத்து ஆன பிறகு கவுண்ட்டரைச் சுற்றி வெளியே வந்து, அவன் தோளில் கையை வைத்து, "நீங்கள் வந்தது நல்லது" என்றார்.

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கார் கதவைத் திறக்கப்போன ரங்கன் அப்படியே அதன் மேல் சாய்ந்து, வேலை போனதிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். ஷ்யாமளா அவனைச் சமாதானப்படுத்தவில்லை, காருக்குள் தள்ளவும் இல்லை. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று, அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.